கணினியை மூடிய பிறகும் ஓடும் நிரல்

மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்த நிரலாளர், சாப்பிட உட்கார்ந்த பிறகும் தாம் எழுதிய நிரலில் பகலெல்லாம் தேடிய பிழையை மனத்துக்குள் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்திலிருப்பவர் இரண்டு முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. வீட்டார் இதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்; அவரோ மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். உண்மையில், முடியாத வேலையை மூளை கையாளும் விதமே இதற்குக் காரணம். அதை அறிந்துகொண்டால், வேலை நேரத்தைக் குறைக்க முடியாதவர்கள்கூட வீட்டு வாழ்க்கையை ஓரளவு மீட்டுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நிரலை வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். மொழிக்குரிய பகுதிகளைவிட, கணக்கு, புதிர் போன்ற கடினமான சிந்தனைகளுக்குப் பொதுவாக இயங்கும் வலைப்பின்னலே அப்போது அதிகம் வேலை செய்தது. இத்தகைய சிந்தனைக்கு இடம் தரும் செயல்நினைவோ, அதாவது கையிலுள்ள தகவலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நினைவோ, மிகக் குறுகியது. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் தந்த மதிப்பீட்டின்படி, அதில் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 4 தகவல் தொகுதிகளையே நிறுத்த முடியும். எந்த மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயரில்) என்ன மதிப்பு இருக்கிறது, எந்தச் சார்பு (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதி) எதை அழைக்கிறது, எந்த நிபந்தனையில் பிழை தலைகாட்டுகிறது என்று பாடுபட்டுச் சேர்த்த சித்திரம் கவனம் விலகினால் கலைந்துவிடும். அதனால்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நிரலாளர் அதை மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்.

இதற்குள் இன்னொரு உந்துதலும் இருக்கிறது. பெர்லினில் ஆய்வு செய்த உளவியலாளர் புளூமா செய்கார்னிக், மனிதர்களுக்குச் சிறு சிறு வேலைகள் பலவற்றைக் கொடுத்து, பாதியளவு வேலைகளை நடுவிலேயே நிறுத்தச் செய்தார். முடித்தவற்றைவிட முடிக்காதவையே அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன என்று 1927இல் எழுதினார். பிற்காலச் சோதனைகள் எல்லாவற்றிலும் இந்த முடிவு இதே அளவில் கிடைக்கவில்லை. ஆனால், விட்ட வேலையைத் தொடரும் உந்துதல் மனிதரிடம் வலுவாக இருக்கிறது என்று அதே காலத்தில் மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் கண்டது நிலைத்து நின்றிருக்கிறது.

அப்படியானால் வேலையை முழுவதுமாக முடித்தால்தான் மனம் விடுபடுமா? மென்பொருள் வேலையில் எல்லாம் முடிந்த மாலை என்று ஒன்று அநேகமாக இல்லை. நல்லவேளையாக, மனம் அவ்வளவு கேட்பதில்லை. மாசிகாம்போ, பவ்மைஸ்டர் ஆகிய உளவியலாளர் இருவர் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், நிறைவேறாத இலக்கை நினைவூட்டப்பட்டவர்களுக்கு வேறொன்றை வாசிக்கும்போது அந்த எண்ணம் குறுக்கிட்டது. அதே இலக்குக்கு எப்போது, எப்படி என்று திட்டமாக ஒரு வழி வகுத்துக்கொண்டவர்களிடம் அந்தக் குறுக்கீடு மறைந்தது. இலக்கு அப்போதும் நிறைவேறவில்லை. அடுத்த அடி எது என்பது மட்டுமே தெளிவாகியிருந்தது.

டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இதை உறக்கத்தில் காட்டியது. படுக்கும் முன் 5 நிமிடம், வரும் நாட்களில் செய்யவேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் உறக்கம் வந்தது. திரையின் நீல ஒளியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கு ஆதாரம் உண்டு: 2015இல் வந்த ஓர் ஆய்வில், இரவில் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்தபோது ஆனதைவிட உறக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாக ஆனது. வெவ்வேறு ஆய்வுகளை நேராக ஒப்பிடுவது முறையல்ல. ஆயினும், திரையை மங்கலாக்கத் தவறாதவர்கள், குறித்து வைக்காத வேலைக்கும் அதே அக்கறையைத் தரலாம்.

ஆகவே கணினியை மூடும் முன் எழுதும் குறிப்பு, ‘லாகின் பிழையைப் பார்க்கவேண்டும்’ என்று பொதுவாக இருந்தால் போதாது. ‘டோக்கன் (உள்நுழைவு அனுமதிக் குறி) காலாவதியாகும் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது, ஒப்பீடு உள்ளூர் நேரத்தில் நடக்கிறது என்று சந்தேகம், நாளை முதலில் அந்தச் சார்பை மட்டும் சோதிக்கவேண்டும்’ என்று எழுதினால், செயல்நினைவில் சுமந்த சித்திரம் காகிதத்துக்கு இடம் மாறிவிடுகிறது. தோல்வியடையும் ஒரு டெஸ்ட்டை (நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரலை) எழுதிவைத்துவிட்டு எழுந்துபோகும் பழக்கம் நிரலாளர் சிலரிடம் உண்டு; மறுநாள் தொடங்கவேண்டிய இடத்தை அந்த டெஸ்ட்டே காட்டும்.

இந்த வழி எட்டாத ஓர் இடம் இருக்கிறது. சர்வர் நின்றால் நள்ளிரவிலும் அழைப்பு வரும் ஆன்-கால் பொறுப்பில் இருப்பவர், வராத பிழைக்கு எப்படிக் குறிப்பெழுத முடியும்? அழைப்புக்காகக் காத்திருப்பதே உடலைப் பாதிக்கிறது. ஜெர்மனியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வேலை நேரத்துக்குப் பிறகும் அழைப்புக்குத் தயாராக இருக்கவேண்டிய நாட்களை அடுத்த காலையில், பணியாளர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. இதற்குத் தனிமனிதப் பழக்கம் மருந்தாகாது. யாருடைய வாரம் எது என்று முன்கூட்டியே பெயரிட்டு முறை வைப்பதும், மற்றவர்களுக்கு அறிவிப்புகள் போகாமல் நிறுத்துவதும், ஆன்-கால் வாரம் முடிந்தவருக்கு ஓய்வு நாள் கொடுப்பதும் குழுவை நடத்துபவரின் பொறுப்பு.