மேண்டோலாவில் சுருதி மாறும்போது தந்தியின் தடிமனை எப்படித் தேர்வது?

மேண்டலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியமான மேண்டோலாவின் நான்கு இணைத் தந்திகள் (இணைக்கு இரண்டாக எட்டு), வியோலாவைப் போலவே, சி, ஜி, டி, ஏ என்ற சுரங்களில் சேர்க்கப்படுவது வழக்கம். மேல் ஏ-வை ஒரு முழுச்சுரம் இறக்கினால் சி-ஜி-டி-ஜி என்றும், கூடவே டி-யையும் இறக்கினால் சி-ஜி-சி-ஜி என்றும் மாற்றுச் சுருதிகள் கிடைக்கின்றன. விரல் வைக்காத தந்திகளும் பின்னணி நாதமாக ஒலிக்க இவை வசதியானவை. ஆனால், பழைய சுருதிக்கெனப் போட்ட தந்திகள் புதிய சுருதியில் அதே விறைப்போடு நிற்பதில்லை.

பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதிகளின்படி, தந்தியின் இழுவிசை அதன் நிறையைப் பொறுத்து நேர்விகிதத்திலும், அதிர்வெண்ணைப் பொறுத்து இருபடியிலும் மாறுகிறது. 42 செ.மீ. அதிரும் நீளமுள்ள மேண்டோலாவில் 0.014 அங்குல எஃகுத் தந்தியை 440 ஹெர்ட்ஸ் ஏ-யில் நிறுத்த, ஏறத்தாழ 10.9 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். அதையே 392 ஹெர்ட்ஸ் ஜி-க்கு இறக்கினால் 8.6 கிலோதான் மிஞ்சும். தளர்ந்த தந்தியை ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) அழுத்தும்போது கூடும் இழுவிசை முன்போலவே இருக்க, அடிப்படை இழுவிசை மட்டும் குறைந்திருப்பதால், சுரம் முன்னைவிட அதிகமாக மேலேறிப் பிசகுகிறது. 0.016 அங்குலத் தந்தி போட்டால் இழுவிசை ஏறத்தாழ 11.3 கிலோவுக்கு மீளும். எப்போதாவது ஒரு பாட்டுக்காக இறக்குவதற்கு இந்த மாற்றம் தேவையில்லை என்பதே என் கருத்து.

உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிய சுற்றுத் தந்திகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அவற்றில் உள்கம்பியே இழுவிசையைத் தாங்குகிறது. வெளிச்சுற்று நிறையை மட்டும் கூட்டுகிறது. ஆகவே விட்டத்தை நம்பாமல், தயாரிப்பாளர் தரும் ஓரலகு நீளத்தின் நிறையைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

சுருதியை ஏற்றும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. மெல்லிய தந்தி போட்டால் அறுபடாது என்று பலர் எண்ணுகிறார்கள். வெறும் எஃகுத் தந்தியில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. தடிமனைக் குறைத்தால் தேவையான இழுவிசை குறைவதைப் போலவே தந்தியின் தாங்குதிறனும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதால், அறுபடும் சுருதியைத் தந்தியின் நீளமும் உலோகமுமே தீர்மானிக்கின்றன. நம் 42 செ.மீ. நீளத்தில் ஏ-யில் நிற்கும் தந்தி சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,070 நியூட்டன் தகைவை (குறுக்குப் பரப்பின் ஓரலகுக்கு வரும் இழுவிசையை) தாங்குகிறது. மேண்டலினின் 659 ஹெர்ட்ஸ் ஈ-க்கு அதை ஏற்றினால் தகைவு 2,400-ஐத் தொடும். தந்திக்குரிய எஃகான இசைக்கம்பியின் அறுபடும் எல்லையோ 2,500-ஐ ஒட்டியே இருப்பதால், எந்தத் தடிமனைப் போட்டாலும் அங்கே நிம்மதி கிடையாது.

கீழ்ச் சி, ஜி இணைகளை மட்டும் டி-ஏ-டி-ஏ என்று ஒரு முழுச்சுரம் ஏற்றுவது இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆயினும் அந்த இரண்டு இணைகளின் நான்கு தந்திகளிலும் இழுவிசை 26 விழுக்காடு கூடுவதால், கழுத்தும் மேற்பலகையும் வளையாதிருக்க அவற்றை மெல்லியவையாக மாற்றுவது நல்லது. மாற்றியபின் கழுத்தின் தலைப்பக்கத்துப் பள்ளங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தடித்த தந்தி பள்ளத்தில் இறங்காமல் சிக்கிச் சுருதி சேர்க்கையில் திடீரெனத் தாவும், மெல்லிய தந்தி அகலப் பள்ளத்தில் அசைந்து கரகரக்கும்.