எதிர்ப்பொருள்: ஆன்டிபாடிக்குத் தமிழ்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை. நாய் கடித்த பேரனை அழைத்து வந்திருந்த ஓர் ஆச்சி செவிலியரிடம் கேட்டார்: “கடித்தது ஒரு நாய், ஊசி எதற்கம்மா இரண்டு?” கெண்டைக்காலில் கடிவாயைச் சுற்றி ஒன்று, தோளில் ஒன்று. “காலில் போட்டதில் மருந்தே இருக்கிறது ஆச்சி. தோளில் போட்டது, உடம்பையே மருந்து செய்ய வைக்கும்” என்றார் செவிலியர்.

அவர் மருந்து என்றதுதான் எதிர்ப்பொருள்.

1890இல் எமில் பெரிங், கிட்டாசாட்டோ என்ற இரு ஆய்வாளர்கள், டெட்டனஸைத் தாங்கப் பழக்கிய முயலின் இரத்தநீரை எலிக்குச் செலுத்தினார்கள், டெட்டனஸ் கிருமியைக் கொடுத்தும் எலி பிழைத்தது. இரத்தநீரில் இருந்தது எது என்று அன்று யாரும் கண்டதில்லை. ஆனாலும் 1891இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக்கின் கட்டுரையில் அதற்குப் பெயர் வந்துவிட்டது: ஆன்டிகோர்ப்பர், ஆங்கிலத்தில் ஆன்டிபாடி. ஆன்டி என்றால் எதிர். கோர்ப்பர் என்றால் ஜெர்மனில் உடல்; இயற்பியலில் கீழே விழும் கல்லும் கோர்ப்பர்தான். எர்லிக் சொன்னது இந்த இரண்டாவதை. ஆகவே ‘உடலெதிரி’ என்று சிலர் எழுதுவது எனக்கு உறுத்துகிறது; உடலுக்கே எதிரி என்றல்லவா காதில் விழுகிறது? ‘பிறபொருளெதிரி’ பிழையற்றது, ஆனால் நீளம். பாடநூலில் வரும் ‘எதிர்ப்பொருள்’ போதும். தமிழ் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு ‘எதிரான அர்த்தம்’ என்றும் பொருள் உண்டு. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

எதிர்ப்பொருள் ஒரு புரதம், வேப்பங்கவட்டை போன்ற வடிவம். கவட்டையின் இரு நுனிகளும் கிருமியைப் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட கிருமி செல்லுக்குள் நுழைய முடியாமல் திணறும், வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்கும். எதிர்ப்பொருளைச் செய்பவை பி செல்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள். ஒரு செல்லுக்கு ஒரே வகை நுனிதான் செய்ய வரும். வந்த கிருமிக்கு எதன் நுனி பொருந்துகிறதோ அது மட்டும் பல்கிப் பெருகி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கும். இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெறிநாய்க்கடியில் அந்த அவகாசத்தைக் கிருமிக்குக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் குதிரையின் உடலிலோ வேறொரு மனிதரின் உடலிலோ விளைந்த எதிர்ப்பொருளைக் கடிவாயிலேயே செலுத்துகிறார்கள். அது சில வாரங்களில் கரைந்துவிடும். அதற்குள் பேரனின் உடலே தனக்கு வேண்டியதைச் செய்யத் தொடங்கியிருக்கும்.

ஆன்டிபயாடிக் வேறு. அது பாக்டீரியாவைக் கொல்லக் கடையில் வாங்கும் மருந்து, வைரஸிடம் செல்லாது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதைச் செய்திகளிலும் பார்க்கிறேன். எதிர்ப்பொருள் என்று எழுதினால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.