படத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சுவரில் ஓடிய காணொளியோடு சேர்ந்து 'அ அணில், ஆ ஆடு, இ இலை' என்று தொடங்கி ஔ வரை ஒரே மூச்சில் பாடினாள். கையசைப்பு, தலையசைப்பு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. வகுப்பாசிரியை பெருமையோடு என்னைப் பார்த்தார். புரொஜெக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் படம் எதுவும் இல்லாமல் 'எ' என்று மட்டும் எழுதி, "இது என்ன எழுத்து கண்ணு?" என்று கேட்டேன். அவள் பலகையைப் பார்த்தாள், அணைந்த திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக 'அ அணில்' என்று முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் ஔ வரை போய்விட்டாள்.

இப்படி ஒரு பிள்ளையை எப்போதாவது ஒரு முறை பார்த்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் என் வேலை. ஊர் மாறுகிறது, திரை மாறுகிறது, காட்சி மட்டும் மாறவில்லை. அதனால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பாடத் தெரிவது எழுத்துத் தெரிவது ஆகாது. காணொளியைப் பார்த்து முடிப்பது பாடத்தை முடிப்பது ஆகாது.

கருவிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோதே பக்கங்களில் க்யூஆர் குறியீடு வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டில் செல்போன் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. இன்று பல தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, ஆசிரியர் கையில் டேப் (டேப்லெட்) இருக்கிறது. இவற்றை நான் வரவேற்கிறேன். வகுப்பறைக்குள் பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டால் கற்றல் தானாக நடக்கும் என்ற நம்பிக்கையைத்தான் வரவேற்க முடியவில்லை.

அந்தச் சிறுமிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். 'அணில்' என்று அவள் சொன்னது எழுத்தைப் பார்த்து அல்ல, அணிலைப் பார்த்து. அடுத்து 'ஆடு' என்றதும் ஆட்டைப் பார்த்துத்தான். படம் தெரியும்வரை எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. இது முதல் கோளாறு. இரண்டாவது, வரிசை. காணொளி எப்போதும் ஒரே வரிசையில் வருகிறது. ஒன்றுக்குப் பின் இன்னொன்று என்று நாக்குக்குப் பழகிவிட்டது, கண்ணுக்குப் பழகவில்லை. மூன்றாவது, நேரம். திரை காத்திருக்காது. யோசிக்கும் பிள்ளைக்கும் யோசிக்காத பிள்ளைக்கும் ஒரே வேகத்தில் ஓடி, கேள்வியும் கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிட்டுப் போய்விடும். கூடவே கத்தினால் போதும், எல்லாப் பிள்ளைகளும் தேறியவர்களாகத் தெரிவார்கள்.

இதைச் சொன்னால், "டேப்பில் விளையாட்டு வைத்துச் சோதித்தேன், எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் வாங்கினாள்" என்பார்கள். அந்த விளையாட்டை அருகில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும். தவறானதைத் தொட்டால் ஒரு சத்தம், மறுபடி தொடலாம். ஆறு வயதுப் பிள்ளை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும், எதையாவது தொட்டுக்கொண்டே இருந்தால் நட்சத்திரம் வரும் என்று. புத்திசாலிப் பிள்ளைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புத்தி வாசிப்புக்குச் செலவாகவில்லை.

சோதிக்க வேண்டுமானால் என் வழி இது. படத்தை மூடுங்கள். வரிசையைக் கலையுங்கள். எழுத்து அட்டையைத் தலைகீழாகக் கொடுத்து, பிள்ளை அதை நேராகத் திருப்புகிறதா என்று பாருங்கள். வகுப்பில் சொல்லிக்கொடுக்காத ஒரு சொல்லை, தெரிந்த எழுத்துகளைக் கொண்டே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, சொல்வதை எழுதச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

தமிழில் பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழும் இடத்துக்கு இந்தப் பாட்டுகள் வருவதே இல்லை என்பது என் பெரிய ஆதங்கம். உயிரெழுத்து 12, மெய் 18. இவற்றைத் தாண்டி 216 உயிர்மெய் நிற்கிறது. 'கெ' என்று ஒலிக்கும்போது முதலில் கேட்பது க் என்ற ஒலி. எழுதும்போதோ முதலில் போட வேண்டியது கொம்பு. 'கொ' என்றால் எழுத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. மூன்றாம் வகுப்பில்கூட 'கொடி'யைக் 'கெ, கா, டி' என்று பிரித்துக் கூட்டும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஸ்மார்ட் போர்டு உதவ வேண்டிய இடமே இதுதான். காணொளி வேண்டாம். போர்டின் பேனாவை எடுத்து, 'க'வைக் கறுப்பிலும் குறிகளைச் சிவப்பிலும் எழுதுங்கள். குறியை நகர்த்துங்கள், அழியுங்கள், பிள்ளைகளை வந்து சேர்க்கச் சொல்லுங்கள். இணையம் கூடத் தேவையில்லை. பிறகு எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும், பென்சிலால். கண்ணாடியில் விரலை இழுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது, அதுவும் கொரோனாக் கால இடைவெளியை மனத்தில் வைத்து. ஒரே காணொளியை மூன்று நிலைக்கும் சேர்த்து ஓடவிட்டால் அந்தப் பிரிவினைக்கு என்ன பொருள்? மலருக்கு அது சலிப்பு, அரும்புக்கு அது வெறும் சத்தம். மொட்டு நிலையினருக்குக் காணொளியைப் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் அரும்புப் பிள்ளைகள் நான்கு பேரோடு தரையில் உட்காரும் ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வகுப்பில் மாற்றம் தெரிகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்ப்பவர்களுக்குத் திரை கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். செயலிகளில் விவரம் பதிவேற்றவே பாதி நேரம் போகிறது என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி மேலே பேசுவது என்னைப் போன்றவர்களின் கடமை; பேசுகிறோம்.

திரைக்கென்றே சில வேலைகள் உண்டு. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை மலைப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் என்னவென்று வாயால் எவ்வளவு சொன்னாலும் போதாது, காட்டத்தான் வேண்டும். காட்டும்போது ஒலியை அடைத்துவிட்டு, பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பேசட்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பின்னங்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) கணினிச் செயல்பாடுகள் நன்றாக இருக்கின்றன. அவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன, முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக, வாசிப்பு நிலைவாரியாக இருக்கின்றன. ஒரு கதையைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி, வரிக்கு வரி விரல் வைத்து எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். ஒரு பள்ளியில் பிள்ளைகள் தங்கள் ஆயா சொன்ன கதையைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். வகுப்பில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக் கேட்டு எழுதினார்கள். அதைவிட நல்ல சொல்வதை எழுதுதல் வகுப்பை நான் பார்த்ததில்லை.

வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூகுள் 2019இல் 'போலோ' என்ற பெயரில் இங்கே வெளியிட்டு, பின்னர் 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி தமிழையும் கேட்கும். வீட்டில் வாசிப்பைக் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு அது உதவி. ஆனால் வகுப்பிரைச்சலில் அது தடுமாறுகிறது. பேர்ணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. பிள்ளை சரியாகவே வாசித்திருக்கும், உச்சரிப்பில் வீட்டு மொழியின் சாயல் இருக்கும், செயலி தவறு என்று சொல்லிவிடும். அருகில் ஆசிரியர் இருந்தால், "நீ சரியாகத்தான் படித்தாய்" என்று உடனே சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் தனக்குப் படிக்க வராது என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்ளும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் பயிற்சித்தாள் வாங்கும் வழக்கமும் வந்துவிட்டது. வாங்குங்கள், ஆனால் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், தயவுசெய்து. 'ழ' வரும் சொற்கள் என்ற தலைப்பின் கீழ் 'பள்ளம்' இருந்த தாளைப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டேன். படம் வரையும் செயலிகள் இன்னும் மோசம், தமிழ் எழுத்துக்கு வாலையும் கொம்பையும் தம் விருப்பம்போல் ஒட்டி வைக்கின்றன. அப்படி ஒரு விளக்கப்படம் வண்ணத்தில் அச்சாகி, ஒன்றாம் வகுப்புச் சுவரில், பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. கழற்றச் சொன்னபோது "பார்க்க அழகாக இருக்கிறதே" என்றார்கள். எழுத்துப் பழகும் வயதில் தவறான எழுத்தை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இனி பெற்றோருக்கு. அம்மா, அப்பா, பிள்ளை போனைத் தானே திறந்து யூடியூபில் தேடுகிறது என்று சொல்லிப் பூரிக்காதீர்கள். அது எல்லாப் பிள்ளையும் செய்வது. சாப்பிட வைக்கவும், பீடி சுற்றும் நேரத்தில் அமைதியாக உட்கார வைக்கவும் போன் கொடுத்துவிட்டு அதற்குப் "படிப்பு" என்று பெயர் வைக்காதீர்கள். உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் பெயரைச் சரியாகவே வைப்போம். பள்ளிகள் மூடியிருந்த காலத்திலேயே, 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 1 முதல் 8ஆம் வகுப்புவரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு இணைய வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்றது. மழலையருக்கு மொத்தமே 30 நிமிடம். இப்போது பள்ளி முழுநேரம் நடக்கிறது. வீட்டில் அதற்கு மேல் எதற்கு? தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் வசதியை அணைத்து வையுங்கள். மாலையில் வெளியே ஓடி விளையாட விடுங்கள், கண்ணுக்கும் அதுதான் நல்லது. கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறது என்று ஆசிரியர் சொன்னால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போடாதீர்கள். பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். மறுநாள் "ஏன் எழுதவில்லை?" என்று அந்தப் பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பது அநியாயம். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். வாட்ஸ்அப் கணக்கு வைக்கக் குறைந்தது 13 வயது வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கிக் குழுவில் சேர்ப்பதை எந்தத் தலைமை ஆசிரியரும் அனுமதிக்கக் கூடாது.

எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் திக்கித் திணறி வாசிப்பதைப் படம்பிடித்து, "வீட்டில் கவனியுங்கள்" என்ற குறிப்போடு பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்கள். நல்லெண்ணம்தானாம். ஊரே பார்த்துவிட்டது. அந்தப் பையன் அடுத்த நாள் பள்ளிக்கு வர மாட்டேன் என்று அழுதிருக்கிறான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் பிள்ளையை இப்படி ஒருவர் போட்டால் சும்மா இருப்போமா? வாசிப்பைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்தப் பெற்றோருக்கு மட்டும் காட்டுங்கள், காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். பாராட்டுக்குரிய காணொளிக்கும் முதலில் வீட்டில் கேளுங்கள். பிள்ளையின் முகம், பெயர், பள்ளிச் சீருடை மூன்றும் ஒன்றாகத் தெரியும் படத்தைப் பொது வலைத்தளத்தில் ஏற்ற வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் போட்டதை எல்லோரிடமிருந்தும் நீக்கச் சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டு அழிக்கச் சொல்ல வேண்டியதுதான். உங்கள் வகுப்புக் குழுவை இன்று மாலைக்குள் ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள்.