கோப்புக்குப் போன சுற்றறிக்கை

2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பள்ளி திறந்த இரண்டாம் நாள், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் நான் தலைமையாசிரியராக இருந்த தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பாட்டி தம் பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு ஏழு வயது. பிறப்புப் பத்திரம் இல்லை. தாய் வெளிநாட்டவர், திருமணம் பதிவாகாததால் பிள்ளையின் பிறப்பைப் பதிவதும் தள்ளிப்போய், பிறகு யாரும் அதைக் கையிலெடுக்கவில்லை. "அவன் அப்பாவுக்கு நீல ஐ.சி. இருக்கு ஐயா" என்று, மலேசியக் குடிமக்களுக்குரிய அடையாள அட்டையைக் குறிப்பிட்டுப் பாட்டி இரண்டு முறை சொன்னார். பத்திரம் இல்லாமல் சேர்க்க முடியாது, முதலில் பதிவிலாகாவுக்குப் போய் வாருங்கள் அம்மா என்று சொல்லி நான் அவரை அனுப்பிவிட்டேன்.

அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வழிசொல்லும் கடிதம் அன்றைக்கே என் அலுவலகக் கோப்பில் இருந்தது. பெற்றோரில் ஒருவராவது மலேசியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், ஆவணங்கள் முழுமையாக இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று கல்வி அமைச்சு அவ்வாண்டு முதல் நடைமுறையை எளிதாக்கியிருந்தது. மின்னஞ்சலில் வந்த அக்கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் எழுத்தர் அச்சிட்டு என் மேசையில் வைத்தார். நான் அதன் மூலையில் கையொப்பமிட்டு, மாணவர் நலப் பிரிவின் கவனத்திற்கு என்று எழுதிக் கோப்பில் போடச் சொன்னேன். செய்முறை முழுவதும் இணைப்பில் இருந்தது. இணைப்பை எவரும் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறொரு பள்ளியின் தலைமையாசிரியை வேறு காரியமாக என்னை அழைத்தபோது, பேச்சுவாக்கில்தான் எனக்கு அது தெரிய வந்தது. அன்று மாலையே பாட்டியின் வீட்டைத் தேடிப் போய்ப் பையனைச் சேர்த்தோம். மற்றப் பிள்ளைகள் உயிரெழுத்துகளை முடித்திருந்த நேரத்தில் அவன் வந்து உட்கார்ந்தான்.

2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் ஆறாண்டு ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அத்தகைய சட்டம் இருக்கும் நாட்டில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவரை ஒரு தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. பின்னர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தலைமையாசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, இதே தவறு வெவ்வேறு உருவங்களில் பல பள்ளிகளில் நடப்பதைக் கண்டேன். பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், துணைத் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

ஒரு கடிதம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மலேசியாவில் கல்வி கூட்டரசின் பொறுப்பு. ஆகவே மாநிலக் கல்வி இலாகா என்பது மாநில அரசின் துறை அன்று. புத்ராஜெயாவிலுள்ள கல்வி அமைச்சின் மாநிலக் கிளை. பினாங்கு மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு நிதி வழங்குவது உண்மைதான். ஆனால் ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், மாணவர் பதிவு, உதவிநிதி ஆகிய எதற்கும் கட்டளை மாநில அரசின் அலுவலகங்கள் இருக்கும் கொம்தாரிலிருந்து வருவதில்லை. இந்த வேறுபாடு தெரியாததால், ஆசிரியர் பற்றாக்குறைக்காகச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பெற்றோர் ஆசிரியர் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அமைச்சில் எழுதப்படும் கடிதம் மாநில இலாகாவுக்கு வந்து, அங்குள்ள உரிய பிரிவின் முகப்புக் கடிதத்தோடு வடகிழக்கு, தென்மேற்கு, வட செபராங் பிறை, மத்திய செபராங் பிறை, தென் செபராங் பிறை ஆகிய ஐந்து மாவட்டக் கல்வி அலுவலகங்களுக்குப் போகிறது. மாவட்ட அலுவலகமும் தன் பங்குக்கு ஒரு முகப்புக் கடிதத்தைச் சேர்த்தே பள்ளிக்கு அனுப்புகிறது. எனவே தலைமையாசிரியர் முதலில் காண்பது, "மேற்கண்ட பொருள் தொடர்பாக இணைப்பைக் காண்க" என்று மட்டும் சொல்லும் இரண்டு முகப்புக் கடிதங்களை. உண்மையான ஆணை மூன்றாவதாகக் கிடக்கிறது. படிவமும் பெயர்ப்பட்டியலும் அதற்கும் கீழே.

வருகின்ற கடிதங்கள் எல்லாம் ஒரே எடையுடையவையும் அல்ல. கல்வித் தலைமை இயக்குநர் கையொப்பமிட்டு வெளியிடும் தொழில்சார் சுற்றறிக்கை, அதாவது நாம் பேச்சில் எஸ்.பி.ஐ. என்று சொல்லும் சூராட் பெக்கெலிலிங் இக்திசாஸ், எண்ணும் ஆண்டும் தாங்கி வரும். அதை வேறொரு சுற்றறிக்கை ரத்து செய்யும் வரை அது நிற்கும். தலைமையாசிரியர் வகுப்பறைக்குச் சென்று கற்றல் கற்பித்தலை மேற்பார்வையிடுவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 3ஆம் எண் சுற்றறிக்கையைப் பள்ளி மேற்பார்வைக் கோப்புகளில் பல்லாண்டுகள் கழித்தும் மேற்கோள் காட்டுகிறோம் என்றால் அதற்கு இதுவே காரணம். சூராட் சியாரான் எனப்படும் அறிவிப்புக் கடிதம் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கோ திட்டத்துக்கோ உரியது. போட்டிக்கும் பட்டறைக்கும் அழைக்கும் கடிதங்கள் இவ்விரண்டிலும் சேரா. எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்து, வந்த வரிசையில் படிப்பவர், பேச்சுப் போட்டிக்கான அழைப்பை முதலில் படித்துவிட்டு மாணவர் சேர்க்கை பற்றிய ஆணையை மறுநாளுக்குத் தள்ளுவார். என் மேசையில் நடந்தது ஏறத்தாழ இதுதான்.

சுற்றறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது நடைமுறைக்கு வரும் நாளையும், எந்தப் பழைய சுற்றறிக்கை ரத்தாகிறது என்னும் பத்தியையும். இந்த இரண்டாவது பத்தி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பலரும் அதுவரை போவதில்லை. பழையது ரத்தானதை அறியாத பள்ளியில், கோப்பில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எழுத்தர் எதை எடுத்தாரோ அதுவே அன்றைய சட்டம். பள்ளித் தொடக்கக்கால உதவிநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்பட்ட அவ்வுதவி, 2023ஆம் ஆண்டு முதல் வருமான வேறுபாடின்றி மாணவர் ஒவ்வொருவருக்கும் 150 ரிங்கிட் என்றானது. அதன் பிறகும், "உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்காது" என்று அலுவலகச் சன்னலிலேயே பதில் சொல்லப்பட்ட ஒரு தந்தையை நான் சந்தித்தேன். பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த தாள் பழையது.

சில சுற்றறிக்கைகள் ஆறப்போட்டுப் படிக்க முடியாதவை. வெப்பநிலை தொடர்பான வழிகாட்டி அப்படிப்பட்டது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, நாளின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை என்றும், 37க்கு மேல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை என்றும், 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை என்றும் வகுத்துள்ளது. முதல் நிலையிலேயே திடல் நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். 37 பாகைக்கு மேல் மூன்று நாள் நீடித்தால் பள்ளியை மூட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தொட்டால் வெளிப்புற நடவடிக்கைகளுக்குத் தடை, 200ஐத் தொட்டால் பள்ளி மூடல். இந்த நான்கைந்து எண்களும் தலைமையாசிரியருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. நண்பகல் வேளையில் பிள்ளைகளைத் திடலுக்கு இறக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும், விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறிக்கும் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆசிரியர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கச் சொல்லி நான் போகும் பள்ளிகளிலெல்லாம் வற்புறுத்தியிருக்கிறேன். வெயிலில் மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு கோப்பைத் திறப்பதில் பயனில்லை.

இன்று கடிதங்களைவிட வேகமாக வருவது புலனச் செய்தி, அதாவது வாட்ஸ்அப் செய்தி. மாவட்ட அதிகாரி தலைமையாசிரியர்களின் புலனக் குழுவில் ஒரு படத்தைப் போடுகிறார். தலைமையாசிரியர் அதை ஆசிரியர் குழுவுக்குத் தட்டிவிடுகிறார். ஆசிரியர் பெற்றோர் குழுவுக்குத் தட்டிவிடுகிறார். ஐந்து நிமிடத்தில் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது போன்ற தோற்றம் கிடைக்கிறது. ஆனால் யார் செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று எவரும் எவரிடமும் சொல்லவில்லை. தட்டிவிடுவது பொறுப்பை நிறைவேற்றுவதாகாது என்பதை நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அதே வழியில்தான் போலிக் கடிதங்களும் வருகின்றன. நாளை பள்ளி இல்லை என்று இரவு பத்து மணிக்கு வரும் படத்தில் குறிப்பெண் இருக்கிறதா, நாள் பொருந்துகிறதா, மாவட்ட அலுவலகத்தின் மின்னஞ்சலிலும் அது வந்திருக்கிறதா என்று பார்க்காமல் தலைமையாசிரியர் எவரும் அதைப் பெற்றோருக்கு அனுப்பக் கூடாது.

நம் பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளிகள் என்பதை நான் மறக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய மலேசியத் தமிழ்க்கல்வி, இன்று இந்தச் சிறிய பள்ளிகளின் தோள்களில்தான் பெரிதும் நிற்கிறது. ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளிக்கு வரும் அதே எண்ணிக்கையிலான கடிதங்கள் அறுபது மாணவர் படிக்கும் பள்ளிக்கும் வருகின்றன; அங்கே அவற்றைப் படிக்க ஏழெட்டு ஆசிரியர்களே இருப்பார்கள், தலைமையாசிரியரும் பாடம் நடத்துவார். இதற்கு நான் கண்ட பயனுள்ள வழி ஒன்றே. திங்கட்கிழமை காலை சபைகூடல் முடிந்ததும் தலைமையாசிரியரும் மூன்று துணைத் தலைமையாசிரியர்களும் அரை மணி நேரம் அமர்ந்து, முந்தைய வாரத்தில் வந்த கடிதங்களை இணைப்போடு திறந்து, ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் கடித எண், செய்ய வேண்டிய வேலை, செய்பவர் பெயர், முடிக்கும் நாள், பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமா இல்லையா என்று எழுதிக்கொள்வது. கணினியிலும் செய்யலாம், ஆனால் மேசையில் கிடக்கும் நோட்டை எல்லாரும் புரட்டுகிறார்கள்.

அந்தக் கடைசிக் கட்டமான பெற்றோரிடம் சொல்வதில்தான் தமிழ்ப்பள்ளிக்குத் தனிக் கடமை இருக்கிறது. சுற்றறிக்கைகள் மலாய் மொழியில், அலுவலக நடையில் வருகின்றன. அதை அப்படியே படமெடுத்து அனுப்பினால், மலாயில் நன்றாகப் பேசும் பெற்றோருக்கும்கூடப் பொருள் முழுமையாக விளங்குவதில்லை. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். பொதுத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டதும், வகுப்புசார் மதிப்பீட்டில் பிள்ளையின் அடைவு 1 முதல் 6 வரையிலான நிலைகளில் தெரிவிக்கப்படுவதும், நான்காம் ஆண்டிலிருந்து கல்வியாண்டு இறுதிச் சோதனை நடப்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைச் செய்திகள். இருந்தும், "என் மகள் எத்தனை ஏ எடுப்பாள் ஐயா?" என்று கேட்கும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய குறை அன்று. நான்காம் நிலை என்றால் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை நாம் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கவில்லை.

மாநில, மாவட்ட அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பித் திங்கட்கிழமை காலைக்குள் தரவு கேட்கும் கடிதம், பள்ளியிலிருந்து ஒப்புக்கு நிரப்பப்பட்ட எண்களைத்தான் கொண்டுவரும். முகப்புக் கடிதத்திலேயே, யாருக்கு, எதற்கு, எந்த நாளுக்குள் என்று மூன்று வரி எழுதி, இணைப்பில் எந்தப் பக்கம் முக்கியம் என்றும் குறித்துவிட்டால், அடுத்த ஒரு வாரத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் இப்போது ஏன் அவசரம் என்றால், வழக்கமான காலம் என்று நாம் நம்பியிருந்தது மாறிக்கொண்டிருக்கிறது. 2022இல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்திருக்கிறது; பட்டியல் அனுப்பும் நாள்களும் சோதனை நாள்களும் அதனோடு நகர்ந்துள்ளன. 2027இல் முதலாம் ஆண்டிலிருந்து புதிய கலைத்திட்டம் தொடங்கவிருக்கிறது. அது தொடர்பான பயிற்சி, பாடநூல், மதிப்பீடு பற்றிய கடிதங்கள் அடுத்தடுத்து வரும். அவற்றுக்கென்று இன்றே தனிக் கோப்பு ஒன்றைத் திறந்து, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முதலாம் ஆண்டு ஆசிரியரையும், பள்ளி வளாகத்தில் பாலர் வகுப்பு இருந்தால் அந்த ஆசிரியரையும் சேர்த்து உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைகளின் வீடுகளை அறிந்தவர் அவர்தான். பத்திரம் இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் பல வேளைகளில் அவருக்கே முதலில் தெரியும்.