எந்த இடம் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள்

தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர் அவர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. டிராலி உருளும் சத்தம் கேட்டாலே கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். வலியைத் தாங்க, நிம்மதி தரும் ஓர் இடத்தை மனதுக்குள் பார்க்கும் மனக்காட்சிப் பயிற்சி கொடுக்கலாம் என்று, உளவியலாளரான என்னை அழைத்திருந்தார்கள்.

"கண்ணை மூடிக்குங்க அண்ணே. ஒரு தோப்பு. சிலுசிலுன்னு காத்து. தென்னங்கீத்து அசையுது..." என்று ஆரம்பித்தேன். அவருக்கு வியர்த்துவிட்டது. "வேணாம்மா" என்றார். எதிலிருந்து விழுந்தார் என்று கேஸ் ஷீட்டில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இருந்தும் மனப்பாடமாக வைத்திருந்த காட்சியை அப்படியே ஒப்பித்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

மறுநாள், "எங்க உட்கார்ந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்?" என்று கேட்டேன். விடிகாலை டீக்கடை பெஞ்சு என்றார். அப்புறம் நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன். பாய்லர் எந்தப் பக்கம்? கிளாஸ் எவ்வளவு சுடுகிறது? என்ன வாசனை? மூச்சை மெதுவாக விடச் சொல்லி, கட்டுப் பிரிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கினோம். ஒட்டியிருந்த துணியை எடுத்தபோது முகம் சுளித்தார். ஆனால் கை கம்பிக்குப் போகவில்லை. விரல்கள் கிளாஸைப் பிடித்தபடி வளைந்திருந்தன.

"அப்போ வலியெல்லாம் மனப்பிரமைதானா?" என்று வீட்டார் கேட்பதுண்டு. இல்லவே இல்லை. நோயாளியின் காதுபட அப்படிக் கேட்காதீர்கள். புண்ணும் நிஜம், வலியும் நிஜம். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கி வரும் சைகைகளாலும் அது திறக்கும், சாத்தும் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள். நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், வலியைக் கூட்டவும் குறைக்கவும் மூளைக்கு வழி உண்டு என்பது நிலைத்துவிட்டது. பயம் கூட்டும். பழகிய இடத்தின் நிம்மதி குறைக்கும்.

இதை நம்பி வலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவருக்கும் மருந்து தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. புதிதாக வரும் வலிக்கு, அதுவும் நெஞ்சுவலிக்கு, கண்ணை மூடி உட்காரக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணை மூடினால் விபத்தே திரும்ப வருகிறது என்பவர்கள் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம். வலி குறைவாக இருக்கும் நேரத்தில் பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

அவர் ராத்திரியில் தானாகவே பழகியிருக்கிறார். ஐந்தாம் நாள் நான் போவதற்குள் டிராலி வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் இருங்க சிஸ்டர், டீ வரட்டும்" என்றாராம்.