தடுப்பூசித் தயக்கம்: தயங்குவது யார்?

சுகாதார அறிக்கைகளின் தமிழில் ‘தடுப்பூசித் தயக்கம்’ என்ற தொடர் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. கொரோனாவுக்கு முன் திருகோணமலையில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி போட்டாச்சா இல்லையா, அவ்வளவுதான் பேச்சு. அண்மையில் ஓர் அறிக்கையைத் தமிழாக்கும் வேலை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்த ஒரே சொல். எல்லா இடத்திலும் ‘தயக்கம்’ என்று போட்டுக்கொண்டே போனேன். பாதியில் எனக்கே தயக்கம் வந்துவிட்டது.

முதலில் ஊசியைப் பார்த்துவிடுவோம். வக்சின் என்ற சொல் லத்தீனில் மாட்டைக் குறிக்கும் ‘வாக்கா’விலிருந்து வந்தது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைச் சீழை ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றியதுதான் காரணம். மற்ற நோய்களுக்கான மருந்துகளுக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்று 1881இல் லூயி பாஸ்டர் சொன்னார். நம் பாட்டிமார் ‘அம்மை குத்துறது’ என்பார்கள். மருந்துக்குப் பெயர் அம்மைப்பால். போலியோச் சொட்டு மருந்தை வாயில் விடுகிறோம், அதில் ஊசியே இல்லை. அதனால் கறாராகப் பார்த்தால் ‘தடுப்பு மருந்து’ என்பதே பொருத்தம். ஆனால் தடுப்பூசி ஊன்றிவிட்டது, இனி அதைப் பிடுங்க முடியாது.

சிக்கல் தயக்கத்தில்தான். ‘ஹெசிடன்சி’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொள்வது என்று பொருள்; அதிலிருந்து சிக்கி நிற்பது, திக்கிப் பேசுவது என்று விரிந்தது. தமிழின் ‘தயங்கு’ இதற்கு நேர்மாறானது. அசைவது, ஒளிர்வது என்பவை அதன் பழைய பொருள்கள். சங்கப் பாடலில் ‘தயங்குதிரை’ என்றால் அசைகிற அலை. மனம் அப்படி இங்குமங்கும் ஆடுவதைச் சொல்லும் பொருளே இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. மாலையில் எங்கள் டச் பே கடற்கரையில் நிற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, தயங்க வேண்டுமானால் ஆட ஒரு மனம் வேண்டும், எதிரில் இரண்டு வழி வேண்டும். ஒரே ஒரு வழி, அதுவும் அடைபட்டுக் கிடக்கிறது என்றால் அதற்குத் தயக்கம் என்று பெயரா?

உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2014இல் கொடுத்த வரையறையில் ஒரு நிபந்தனை உண்டு: தடுப்பூசிச் சேவை கிடைக்கும்போதும் அதை ஏற்கத் தாமதிப்பது அல்லது மறுப்பது. ‘கிடைக்கும்போதும்’ என்பதே அதன் உயிர். ஆனால் அதே குழு காரணங்களைச் சொல்லும்போது நம்பிக்கை, அசட்டை என்பவற்றோடு வசதியையும் சேர்த்துவிட்டது. பஸ் இல்லாததும் தயக்கம், வதந்தியை நம்புவதும் தயக்கம் என்றாகிவிட்டது. 2019இல் உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக இந்தச் சொல் ஏறியது. 2022இல்தான் பிரித்தார்கள்: தயக்கம் என்பது மனநிலை மட்டும், தூரம், செலவு, நேரம் எல்லாம் நடைமுறைத் தடைகள், அவை தனிக் கணக்கு. நான் தமிழாக்கிய அறிக்கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னும் துலக்கமாகும். எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சல்லி என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறார். கணவர் கரைவலைக்குப் போகிறவர். வலை இழுக்கப் போனால் பங்கு, போகாவிட்டால் இல்லை. 2021இல் கொரோனா ஊசி போட்ட இடத்தில் காலையில் வரிசை. அவருடைய வலையும் காலையில்தான். இரண்டு டோஸ், இரண்டு காலை. அதற்கு மேல், ஊசி போட்டவர்கள் சிலர் இரண்டு நாள் காய்ச்சலோடு படுத்ததை ஊரே பார்த்திருந்தது. “ஊசிக்குக் காசில்ல தம்பி, காய்ச்சலுக்குத்தான் காசு” என்றார் அக்கா. மாதச் சம்பளக்காரனான எனக்கும் காய்ச்சல் வந்தது. போர்த்திக்கொண்டு படுத்தேன், சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஊசி எல்லாருக்கும் ஒரே ஊசிதான், விலைதான் ஆளுக்கு ஆள் வேறு.

நாய்க்கடி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேண்டாம் என்று வாதாடுகிற ஒருவரையும் நான் கண்டதில்லை. விசர் நாய்க்கடி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. ஆனால் ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல, நாள் குறித்துத் தரும்போதெல்லாம் போக வேண்டும். உள்ளூரிலிருந்து பஸ், அப்புறம் ஓட்டோ, போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கடைசி ஊசியை விட்டுவிட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் என்ன குறை?

மறுபக்கம் பாருங்கள். இதே நாட்டில் பிள்ளைகளுக்கான தடுப்பூசியைப் பெறுகிறவர்கள் நூற்றுக்கு 95க்கும் மேல். ஏழைத் தாய்மார் மட்டும் விதிவிலக்கா? மிட்வைஃப் வீட்டு வாசலுக்கே வருகிறார், கிளினிக் கிட்ட இருக்கிறது, எந்த நாள் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. 2017இலிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளிக்கூடத்திலேயே போடப்படுகிறது. யாரும் அலைய வேண்டியதில்லை.

அலைய என்றேன் அல்லவா, நான் தேடிய சொல் அதற்குள்தான் இருந்தது: அலைச்சல். அலை என்ற அதே வேர். தயக்கத்தில் ஆடுவது மனம், அலைச்சலில் ஆடுவது உடம்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்குக் காத்துநின்று ஆஸ்பத்திரிக்குப் போன தலைமுறைக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். வேண்டுமென்றே இழுத்தடிப்பதற்கு நம்மிடம் ‘பின்னடிப்பது’ என்று வேறு சொல் இருக்கிறது. அடியோடு வேண்டாம் என்பது மறுப்பு. இத்தனையையும் ஒரே தயக்கத்துக்குள் திணித்துவிட்டு, விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால் சரியாகிவிடும் என்று கிளம்புகிறார்கள். கரைவலைக்காரருக்குத் தேவை மாலை நேர ஊசி.

தயக்கமும் அலைச்சலும் அப்படியே தனித்தனியாக நிற்பதுமில்லை. மருந்து முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டவருக்கு, மூன்றாம் தடவை போனில் வரும் வதந்தி கொஞ்சம் உண்மை போலத் தோன்றும். போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா. அலைச்சல் முற்றினால் தயக்கமாகும். அறிக்கை எழுதுகிறவர் வந்து கேட்கும்போது, பஸ் காசு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, “பயமா இருக்கு” என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

மனம் ஆடுகிற இடங்களில் ‘தடுப்பூசித் தயக்கம்’, கூலியும் தூரமும் மறிக்கிற இடங்களில் ‘தடுப்பூசி அலைச்சல்’ என்று பிரித்து எழுதி அனுப்பினேன். அலைச்சல் பேச்சு வழக்கு, அறிக்கைக்கு ஆகாது என்று பதில் வந்தது. அச்சில் அது ‘அணுகல்சார் தடைகள்’ என்று இருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அணுகல் எண்டா என்ன தம்பி?”