பெர்கன்: விவாகரத்தோடு முடியாத ஆபத்து

துருக்கியில், அரபு இசைச் சாயல் கொண்ட சோகப் பாடல் வகையான அரபெஸ்க்கைப் பாடிய பெர்கனின் முகத்தை அறியாதவர்கள் குறைவு. வலக்கண்ணை மறைத்துச் சரிந்து விழும் முடி. அழகுக்காக அவர் அப்படி வாரிக்கொள்ளவில்லை. 1982-இல் இஸ்மிர் நகரில் கணவன் ஆள் ஏவி அவர் முகத்தில் நைட்ரிக் அமிலம் வீசச் செய்தான். அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது.

இயற்பெயர் பெல்கின். பிறந்தது மெர்சினில். அங்காராவில் அரசு இசைக் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை விட்டு, தபால் துறையில் வேலை பார்த்து, பிறகு இரவு விடுதிகளில் பாட வந்தவர். அமிலவீச்சுக்குப் பின்னும் அவர் பாட்டை விடவில்லை. 1986-இல் வந்த இசைத்தொகுப்பின் தலைப்பான 'துயரங்களின் பெண்' அவருடைய பட்டப்பெயராகவே நிலைத்தது. அமிலம் வீசச் செய்த அதே கணவனோடு அவர் மீண்டும் சேர்ந்தும் வாழ்ந்தார்.

குடும்ப வன்முறை வழக்குகளை நடத்தும் நான், கட்சிக்காரர்களின் பெற்றோரிடம் இவரைப் பற்றிச் சொல்வதுண்டு. "அப்படிப்பட்டவனோடு மறுபடியும் ஏன் சேர்ந்து வாழ்ந்தாள்?" என்பார்கள். எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. பயம், பிழைப்பு, அவன் காலில் விழுந்து கெஞ்சியது, இனியாவது திருந்துவான் என்ற நப்பாசை. இவர்களுடைய மகள்களும் இதே காரணங்களைத்தான் என்னிடம் சொல்கிறார்கள்.

பெர்கன் கடைசியில் துணிந்து விலகினார். 1989-இல் விவாகரத்து. அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று அதானா மாகாணத்துப் பொசாந்தியில் அவனே அவரைச் சுட்டுக் கொன்றான். பெர்கனின் தாயும் காயமடைந்தார். கொலைக்காக அவன் சிறையில் கழித்தது சில மாதங்கள்தான். மெர்சினில் பெர்கனின் கல்லறையைச் சுற்றி இரும்புக் கூண்டு அடைத்திருக்கிறார்கள். செத்த பின்னும் அவனிடமிருந்து காக்க வேண்டியிருந்தது. 2022-இல் வந்த அவருடைய வாழ்க்கைப் படம், அவன் ஊரான கோசானில் திரையிடப்படவில்லை.

பெண் விலகிச் செல்லும் காலமே மிக ஆபத்தானது. தீர்ப்பு கைக்கு வந்ததும் வீட்டார் காவலைத் தளர்த்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மிரட்டல் வந்தால் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மீறுகிறவனுக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மணவாழ்க்கையில் நடந்த கொடுமைக்காக, விவாகரத்து ஆன பின்னும் இந்தச் சட்டத்தை நாடலாம். உடனடி உதவிக்கு 181.